சாமிக்கு முன்னே பின்னோக்கி நடந்த ஊசி மாஸ்டர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக எனக்குள் ஒரு தயக்கம். எழுதினால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், சாமி இல்லை என்று சொன்ன ஒருத்தருக்கு முருகன் கதையில் என்ன வேலை என்று கேட்பார்கள். அவருடைய சிநேகிதர்கள் கண்ணில் பட்டால், எங்கள் ஆளைக் கோயில் கதையில் ஏன் இழுத்தாய் என்று கேட்பார்கள். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் நான் எழுதாமல் இருக்க இருக்க, கதை தானாக வளர்ந்துகொண்டே போகிறது. போன மாதம் கும்பகோணம் பேருந்தில் முன்சீட்டுக்காரர் ஒருவர், ஊசி மாஸ்டர் ஆகாயத்தில் மயிலைக் கண்டு மயங்கி ஆற்றில் விழுந்தார் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். இனியும் சும்மா இருந்தால் சரிவராது என்று முருகனைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

வலங்கைமானைத் தாண்டிக் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அவர்களிலேயே, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் ஊர் முழுவதையும் தெரிந்துவைத்திருந்தவர் ஊசி மாஸ்டர் ஒருவர்தான். அவருக்கு மனிதர்கள் என்றால் தோள், முதுகு, இடுப்பு, கெண்டைக்கால். அதற்கு மேலே ஒரு தலையும் இருக்கிறது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. டீக்கடையில் டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ நல்லா இருக்கு. முழங்கைதான் நல்லா இல்ல. நாளைக்கு மண்டபத்துக்கு வாங்க" என்பார். மறுநாள் அதே டீ மாஸ்டர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே போனால் அடையாளம் தெரியாது. கையை மடித்துக் காட்டினால்தான், "அட, நீங்களா" என்பார்.

வணக்கம் சொன்னால் அவர் திருப்பி வணக்கம் சொல்ல மாட்டார். கட்டைவிரலால் நம் தோள்பட்டையில் ஓர் இடத்தை அழுத்துவார். 'அம்மா' என்று கத்தினால், "உங்களையும் பாத்ததுல சந்தோஷம்" என்பார். துக்க வீட்டுக்கும் அப்படித்தான். தகப்பனாரைப் பறிகொடுத்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒருவருக்குப் பின்னால் போய் நின்று, பிடரியைப் பிடித்துவிட ஆரம்பித்துவிட்டார். அழுதவர் அப்படியே தூங்கிப்போனார். பிணத்தை எடுக்கும்போது எழுப்ப வேண்டியதாயிற்று.

அவர் தஞ்சாவூர்க்காரர். எலும்பு, மூட்டு, தசைக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபி டாக்டர். முன்னே கபடிக் குழுக்களோடு ஊர் ஊராகப் போனதால் 'மாஸ்டர்' என்று பேர். எப்போதும் கறுப்புச் சட்டைதான் போடுவார். கடவுள் இல்லை என்று சொல்லுகிற கட்சி. அப்பா அம்மா வைத்த பெயர் பேனரில் இங்கிலீஷில் இருந்தது; அதை எங்களில் யாரும் கடைசிவரை படித்து முடிக்கவில்லை.

அந்தப் பேனர் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு மார்கழி மாதம் கட்டப்பட்டது. இங்கிலீஷுக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தார்கள்: எலும்பு மூட்டு மறுவாழ்வு மற்றும் விளையாட்டுத் திறன் மருத்துவர்களுக்கான உயர்நிலை உலர் ஊசிப் பயிற்சி. ஊரே நின்று படித்தது.

"உலர் ஊசின்னா என்னப்பா, வெயில்ல காயவச்சதா?"

"மருந்தில்லாத ஊசியாம். வெறும் ஊசிய மட்டும் குத்துவாங்களாம்."

"மருந்து இல்லன்னா எதுக்குக் குத்தணும்? எங்க வூட்டுக்காரி அதத்தான் தெனம் செய்யிறா."

மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் காலியாகக் கிடந்தது. மண்டபத்தின் சொந்தக்காரர் எங்கள் முருகன் கோயில் தர்மகர்த்தா. சென்னையை விட்டுவிட்டு இங்கே ஏன் வகுப்பு நடத்துகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "அங்க படுக்க வர்றவன் எல்லாம் ஏசி உடம்பு. ஊசியே வழுக்கிக்கிட்டுப் போவுது. சேத்துல நின்ன உடம்புதான் பாடம் நடத்தும்" என்றாராம் மாஸ்டர்.

வெளியூர்களிலிருந்து டாக்டர் பிள்ளைகள் சக்கரம் வைத்த பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். மழை விட்ட சேறு. சக்கரம் சுற்றவில்லை. பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் மண்டபத்துக்கு நடந்துவந்ததை மாஸ்டர் வாசலில் நின்று பார்த்து, யார் யாருக்குக் கழுத்து சரியில்லை என்று அங்கேயே பிரித்துவிட்டார். அவர்கள் ஏற்கெனவே ஊசி போடத் தெரிந்தவர்கள்தான். ஆழத்தில் இருக்கும் தசைகளைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள். ஆனாலும் முதல் நாள் அவர் யாரையும் மனித உடம்பைத் தொட விடவில்லை. கை மறந்துபோயிருக்கும் என்று வாழைத்தண்டிலும் கத்தரிக்காயிலும் குத்தச் சொன்னார்.

அங்கேதான் எங்கள் வீடு கதைக்குள் வருகிறது. வகுப்புக்குச் சமையல் என் மனைவி. காய்கறியும் வாழையிலையும் நான் கொண்டுவந்து போடுவேன். மாஸ்டர் சமையல்கட்டுக்குள் புகுந்து ஒரு கூடைக் கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு போய், பாடம் முடிந்ததும் ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு எடுத்த என் மனைவி ஒரு காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்து நடுவில் போய் நின்றாள்.

"சார், இது புழு குத்துனதா, டாக்டர் குத்துனதா?"

மாஸ்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சேலத்துப் பொண்ணு குத்துனது. நேரா போயிருக்கு. நல்ல கை."

"அப்படின்னா அந்தப் பொண்ணே சாப்புடட்டும்" என்று அந்தக் கூடையை அப்படியே குப்பையில் கொட்டினாள். அன்று வெறும் ரசம். மாஸ்டர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தன் உடம்பில் குத்திக்கொள்ளாத இடத்தில் இன்னொருத்தரைக் குத்தக் கூடாது. அதனால் மனிதர் எந்நேரமும் எங்காவது ஊசியோடு இருப்பார். டீக்கடையில் முன்கை முழுக்க ஊசி நிற்க, பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒருதரம் கழுத்தில் குத்தியதை மறந்துவிட்டுப் பேருந்தில் ஏறப் போனார். கண்டக்டர் வாசலிலேயே மறித்து, "முள்ளம்பன்றிக்கு லக்கேஜ் டிக்கெட்டுங்க" என்றார். மாஸ்டர் கோபப்படாமல் கண்டக்டரின் இடுப்பைப் பார்த்தார். "நின்னு நின்னு வலது பக்கம் சாஞ்சுட்டீங்க" என்றார். அந்தப் பேருந்து அன்றைக்கு எங்கள் ஊரில் வெகுநேரம் நின்றது.

அப்போது எங்கள் பக்கம் முழுக்கக் கொந்தளிப்பு. எரிவாயு எடுக்க வயலுக்கு அடியில் குழாய் இறக்கப்போகிறார்கள் என்று ஊர் ஊராகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் அந்தப் பந்தலுக்கும் வந்தார். கோஷம் போடுகிறவர்களைக் கொஞ்சநேரம் கவனித்துவிட்டு மைக்கை வாங்கினார். ஏதோ வீரமாகப் பேசப் போகிறார் என்று எல்லாரும் நிமிர்ந்தோம். "கோஷம் நல்லா போடுங்க. ஆனா ஒரே கையத் தூக்காதீங்க. மாத்தி மாத்தித் தூக்குங்க. போராட்டம் ரொம்ப நாளைக்கு நடக்கணும்ல" என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பந்தலில் மட்டும் இடதுகையும் உயர்ந்தது. போலீஸ்காரர்கள் இது என்ன புது அமைப்பு என்று விசாரித்தார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. என் சங்கதி வேறு.

எங்கள் ஊர் முருகன் தைப்பூசத்தன்று பல்லக்கில் ஏறி, வீதி வலம் வந்து, குடமுருட்டியில் தீர்த்தவாரி நீராடப் போவார். தோளில்தான் போவார். சாமி தூக்குகிறவர்களை எங்கள் பக்கம் சீர்பாதம் என்போம். ஒவ்வொரு தண்டுக்கும் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக நிற்போம். ஒருவருக்கு வலது தோள், மற்றவருக்கு இடது தோள். ஜோடி ஒரே உயரம் இருக்க வேண்டும். விரற்கடை வித்தியாசம் என்றாலும் பாரம் முழுவதும் உயரமானவன் மேல் இறங்கிவிடும். மடப்பள்ளித் தூணில் சாய்த்து நிறுத்தி, உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். அப்படி வாலிப வயதில் எனக்குச் சேர்ந்த ஜோடி கலியமூர்த்தி. முன்தண்டில் எனக்கு வலது தோள், அவனுக்கு இடது தோள்.

என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரே பண்ணையில் ஆள்காரர்களாக இருந்தவர்கள். சட்டம் வந்து காலம் மாறியபிறகு இரண்டு பேருக்கும் கோயில் நிலம் பக்கத்துப் பக்கத்தில் குத்தகைக்குக் கிடைத்தது. அவர்கள் காலத்தில் நடுவில் ஒரு வரப்பு இருந்தது, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் அவன் ஒரு கரை வேட்டி, நான் ஒரு கரை வேட்டி. ஆட்சி மாறும்போதெல்லாம் வரப்பும் கொஞ்சம் மாறும். அவன் கட்சி வந்தால் என் பக்கம் நகரும், என் கட்சி வந்தால் அவன் பக்கம் நகரும். ஒரு குறுவையில் நடுமடை உடைந்து என் வயல் தண்ணீர் முழுவதும் அவன் வயலுக்குப் போய்விட்டது. தாலுகா ஆபீஸ், பஞ்சாயத்து என்று அலைந்தோம். அதன்பிறகு ஒரே தண்டுக்கு அடியில் நிற்க மாட்டோம் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டோம்.

அடுத்த பூசத்துக்கு என் மச்சானை எனக்கு ஜோடியாக நிறுத்தினார்கள். அவன் சித்தப்பா மகனை அவனுக்கு ஜோடியாக அடுத்த தண்டில் நிறுத்தினார்கள். இரண்டு பேரும் குட்டை. தோளில் துண்டை மடித்து வைத்துச் சரிக்கட்டினோம். சந்நிதித் தெரு முனை திரும்பும்போது துண்டு நழுவியது. முருகன் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கிரீடம் நெற்றிக்கு இறங்கிவிட்டது. ஊரே 'ஐயோ' என்று அலறியது. எப்படியோ தாங்கிவிட்டோம். ஆனால் சாமி ஆற்றுக்குப் போகாமல் முனையிலிருந்தே கோயிலுக்குத் திரும்பினார். அன்றைக்குப் போனது என் வலது தோள். அதன்பிறகு தலை சீவக்கூடக் கை எழும்பவில்லை.

தர்மகர்த்தா முடிவாகச் சொல்லிவிட்டார். "வர்ற பூசத்துக்கும் உங்களால ஆவலன்னா நம்ம டிராக்டர்ல ஏத்திடுறேன். லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வச்சு ஜோராப் பண்ணிடலாம்."

அன்றிரவு உரமூட்டை ஏறிய டிராக்டர் பெட்டியில் முருகன் குலுங்கிக் குலுங்கிப் போவதை நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பெரிய சொத்து ஒன்றும் கிடையாது. அப்பா எனக்கு விட்டுப்போனது அந்தத் தண்டில் ஒரு தோள் இடம்தான்.

மாஸ்டர் என்னைப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். பார்த்தது என்றால் தோளை. சமையல்கட்டு வாசலில் இலைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நில்லுங்க. அத ஏன் இடது தோள்ல சுமக்குறீங்க? நீங்க வலது தோள் ஆளாச்சே."

"வலது தோள் போயிடுச்சுங்க சார்."

"எங்கயும் போவல. அங்கயேதான் இருக்கு. நாளைக்கு வந்து படுங்க. எனக்கு ஆள் வேணும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமி இல்லை என்கிறவர் கையால் தோளைச் சரிபண்ணிக்கொண்டு, அந்தத் தோளில் சாமியை எப்படி ஏற்றுவது? வீட்டில் சொன்னேன். என் மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"என்னங்க, அவரு சாமி கும்புடுறாரா இல்லையான்னு பாக்கவா போறீங்க? கத்திரிக்காயில குத்துனப்ப பாத்தேன். கை நிதானமா இருக்கு. போய்ப் படுங்க."

குளித்துவிட்டு, நெற்றியிலும் தோளிலும் பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு போனேன். கல்யாணத்தில் இலை போடுகிற பந்திமேஜைகளில் மெத்தை விரித்து, ஊர்க்காரர்களை வரிசையாகக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். நானும் படுத்தேன். மாஸ்டர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்.

"தோள்ல இருக்கறதத் தொடைக்கணும். ஸ்பிரிட் போட்டாத்தான் ஊசி போட முடியும்."

என் முதுகிலேயே வருத்தம் தெரிந்திருக்க வேண்டும்.

"வீட்டுலேருந்து பொட்டலத்துல கொஞ்சம் கொண்டாந்திருக்கீங்களா? வேலை முடிஞ்சதும் திரும்பப் பூசிக்குங்க. உங்க சாமி அதுவரைக்கும் காத்திருப்பாரு" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

குப்புறப் படுத்தவனுக்குத் தரை மட்டும்தான் தெரியும். பக்கத்து மேஜையில் யாரோ வந்து படுக்கிற சத்தம் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மேஜையிலிருந்து ஒரு வேட்டிக்கரை தொங்கியது. கரை கலியமூர்த்தி கட்சியின் நிறம். எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் முதல் ஊசி உள்ளே போய்விட்டது.

"ஊசி உள்ள இருக்கறப்ப அசையக் கூடாது" என்றார் மாஸ்டர். "எந்திரிச்சு ஓடவும் கூடாது, சண்டை போடவும் கூடாது. செத்த மாதிரி கெடங்க."

எங்கள் சண்டை அவருக்குத் தெரியாது. எல்லாரிடமும் சொல்லுகிறதைத்தான் சொன்னார். மேஜைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டார். "இங்க கீழ நுரையீரல் இருக்கு. மறந்துடாதீங்க. சதையக் கிள்ளித் தூக்கிப் புடிச்சு, அந்தப் புடிக்குள்ளதான் போகணும். அவசரக்காரன் இந்த இடத்துக்கு வராதே." சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் இறக்கினார். வாய்க்காலில் கெண்டை துள்ளுகிற மாதிரி என் தோளுக்குள் சதை ஒரு துள்ளு துள்ளியது. "பாத்தீங்களா? முடிச்சு அங்கதான் இருக்கு."

ஒரு கையை என் வலது தோளிலும் இன்னொரு கையைப் பக்கத்து மேஜையின் இடது தோளிலும் வைத்து மாறி மாறி அழுத்தினார். அதே இடத்தைத் திரும்பவும் அழுத்தினார். அப்புறம் குரல் மாறியிருந்தது.

"எல்லாரும் வந்து தொட்டுப் பாருங்க. இவருக்கு வலதுல எங்க முடிச்சோ, அவருக்கு இடதுல அதே எடத்துல. கண்ணாடியில பாக்குற மாதிரி."

"பிரதர்ஸா சார்?" என்று கேட்டது சேலத்துப் பெண்.

"பிரதர்ஸுக்கு இப்படி வராதும்மா. இந்த ரெண்டு பேரும் ரொம்ப வருஷமா ஒரே பாரத்தச் சேந்து தூக்கியிருக்காங்க. ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம்." குனிந்து கேட்டார். "என்ன தூக்குறீங்க?"

பக்கத்து மேஜையிலிருந்து கலியமூர்த்தியின் குரல் தரையைப் பார்த்தபடியே வந்தது.

"சாமிங்க."

"எவ்வளவு வெயிட்டு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாமிய எடை போடக் கூடாதுங்க சார்."

"எடை தெரியாம எப்படிங்க உங்களத் தயார் பண்றது? நீங்க ரெண்டு பேரும் விளையாட்டு வீரருங்க மாதிரி. நெல்லு மூட்டைக் கணக்குலயாவது சொல்லுங்க."

"ரெண்டு மூட்டை இருக்கும் தோளுக்கு" என்றான் கலியமூர்த்தி.

"முருகன் மனசு வச்சா பூ. வைக்கலன்னா நாலு மூட்டை" என்றேன் நான்.

"அப்ப ரெண்டுலேருந்து நாலு" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஊசி நட்ட முதுகோடு தனியாகக் கிடந்தோம். ஓடவும் முடியாது.

வெகுநேரம் கழித்து நான்தான் கேட்டேன். "அன்னக்கி மடைய யாருடா உடைச்சது?"

"நண்டு வளை போட்டுது."

"நண்டுக்கு மம்பட்டி யாரு குடுத்தா?"

அவன் மேஜை குலுங்கியது. சிரித்துவிட்டான். சிரித்த வேகத்தில் ஊசி சுருக்கென்று பிடித்திருக்க வேண்டும். 'ஆத்தாடி' என்றான். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்து, எனக்கும் பிடித்துக்கொண்டது. மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து மாஸ்டர் கத்தினார். "அந்த ஜோடி சிரிக்கக் கூடாது."

சிரிப்பு அடங்கியதும் அவன் மெதுவாகக் கேட்டான். "தோளு எப்ப போச்சு ஒனக்கு?"

"சாமி சாஞ்சப்ப."

"எனக்குந்தான்."

"ஒன் சித்தப்பா மவன் குட்டை."

"ஒன் மச்சான் அதுக்கு மேல குட்டை." அப்புறம், "டிராக்டருன்னா சாமிக்குக் குலுங்கும்டா" என்றான்.

ஊசியை எடுத்தபிறகு நான் பொட்டலத்தைப் பிரித்துத் தோளில் பூசிக்கொண்டேன். பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினேன். எடுத்துக்கொண்டான்.

அன்றும் மறுநாளும் வலி உயிர் போனது. இதுதான் வைத்தியமா என்று ஊரே கேட்டது. அதற்கடுத்த நாள் நான் தலை சீவினேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மாஸ்டர் இலையில் எண்ணெய்க் கத்தரிக்காய் விழுந்தது. குத்தாத காய்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். பேனரை அவிழ்த்தார்கள். மாஸ்டர் போகவில்லை. போனார், ஆனால் வாரா வாரம் தஞ்சாவூரிலிருந்து பேருந்து பிடித்துத் திரும்பி வந்தார். "ஊசி பாதி வேலைதான். மிச்சத்தப் பாரம் ஏத்தித்தான் செய்யணும்" என்பார். மண்டபத்துக்குள் ஒரு சவுக்குக் கழியில் குறுவை நெல் மூட்டைகளைக் கட்டி, என்னையும் கலியமூர்த்தியையும் தூக்கச் சொல்லி, மணமேடையைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்தார். முதலில் கொஞ்சம் நெல், பிறகு கூட. காய்கறிக்காரம்மா ஒருவர் வாசலில் போனவர், மார்கழியில் ஏதோ சாமி புறப்பாடு என்று கூடையை இறக்கிவைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அது குறுவை நெல்லும்மா" என்றார் மாஸ்டர் பொறுக்க முடியாமல்.

"சோறு போடுறது சாமி இல்லையா தம்பி?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா கூடையைத் தூக்கினார். மாஸ்டர், "கூடைய இடது பக்கமும் மாத்தி வைங்க" என்று மட்டும் சொன்னார்.

பூசம் வந்தது. தர்மகர்த்தா எதற்கும் இருக்கட்டும் என்று டிராக்டரைக் கழுவி, தெரு ஓரத்தில் நிறுத்திவைத்திருந்தார். மாஸ்டர் கறுப்புச் சட்டையோடு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, "சட்டையையும் கழட்ட மாட்டேன், உள்ளயும் வர மாட்டேன். என் தோள் ரெண்டும் வெளிய வரும்ல, அப்ப பாத்துக்கறேன்" என்று வாசலிலேயே நின்றார். என் தோள் ரெண்டும் என்று அவர் சொன்னது எங்களைத்தான்.

'அரோகரா' என்று தூக்கினோம். தண்டு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. தண்டுக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தியின் மூச்சு கேட்டது. வாசலைத் தாண்டியதும் மாஸ்டர் எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டார். எங்கள் தோள்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இப்படி ஏற்று, அப்படி இறக்கு என்று சைகை காட்டினார். உதடுகள் ஓயாமல் அசைந்தன. "வலது தோள் நிமிரட்டும். மூச்ச அடக்காதீங்க. விடுங்க. விடுங்க." நாதஸ்வரச் சத்தத்தில் எங்களுக்கே பாதிதான் கேட்டது. ஊருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ஊருக்குத் தெரிந்தது இதுதான். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் சாமிக்கு முதுகு காட்டாமல், தலைக்கு மேலே கையைத் தூக்கி, ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டு, பின்னோக்கியே நடந்து வருகிறார். பெரிய பெரிய பக்தர்களே நாலடிக்குமேல் அப்படி நடக்க மாட்டார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ ஒரு மாலையைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டார்கள். தர்மகர்த்தா ஓடிவந்து தலையில் பரிவட்டம் கட்டினார். கையை இறக்கினால் எங்கள் கணக்கு தப்பிவிடும் என்று மாஸ்டர் எதையும் தடுக்கவில்லை. ஓர் அம்மாள் காலில் விழப்போனபோதுதான் கண்ணை எடுக்காமலே சத்தம் போட்டார். "முழங்கால மடக்கிக் குனிங்கம்மா, முதுகு போயிடும்."

சந்நிதித் தெரு முனை. போன பூசத்தில் சாய்ந்த இடம். மாஸ்டரின் உதடுகள் நின்றுவிட்டன. எங்களுக்கு மூச்சு விடச் சொன்னவர் தான் மூச்சை அடக்கிக்கொண்டார். கலியமூர்த்தி, "திரும்பு" என்றான். திரும்பினோம். தண்டு மட்டத்தில் நின்றது. கிரீடம் அசையவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். ஓரத்தில் டிராக்டர்காரன் என்ஜினை அணைத்தான்.

அதன்பிறகு நேர் வழிதான், ஆறு வரைக்கும். அந்தச் சந்தோஷத்தில் எங்கள் மூன்று பேருக்குமே ஒரு விஷயம் மறந்துபோனது. பின்னோக்கி நடக்கிறவருக்கு ஆறு வந்தது தெரியாது. படித்துறையில் முதல் படி, இரண்டாவது படி வரைக்கும் எப்படியோ சமாளித்தார். மூன்றாவதில் கால் பதியவில்லை. கறுப்புச் சட்டை, மாலை, பரிவட்டம் எல்லாவற்றோடும் மல்லாக்கக் குடமுருட்டிக்குள் போய்விட்டார். அந்த வருடம் முருகனுக்கு முன்னால் தீர்த்தவாரி ஆனது ஊசி மாஸ்டருக்குத்தான்.

ஊரே 'அரோகரா' என்று வானம் அதிரக் கத்தியது. அவர் இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தேடினார்.

"தோள் எப்படி இருக்கு?" என்றார்.

"பூ மாதிரி இருக்குங்க" என்றேன்.

"எனக்கு ரெண்டு மூட்டை" என்றான் கலியமூர்த்தி.

அதற்கப்புறம் இரண்டு பூசத்துக்கு வந்தார். பின்னே ஏதோ ஒரு விளையாட்டுக் குழுவோடு வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் கொடுத்த போன் நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். எங்கள் மடைத் தகராறு இன்னும் தீரவில்லை. போன வாரம்கூட வரப்பில் நின்று கத்திக்கொண்டோம். ஆனால் முன்தண்டில் அவனும் நானும்தான். படித்துறை வந்ததும் யாரும் சொல்லாமலே இரண்டு பேரும் ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் கால் வைப்போம். எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் நிற்போம்.

இதைப் படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்லுகிறவர்கள் தயவுசெய்து இருக்கிறபடியே சொல்லுங்கள். மயிலைச் சேர்க்காதீர்கள். அவர் மனம் மாறினார், கும்பிட்டார் என்று சொல்லாதீர்கள். அவர் கும்பிடவில்லை. வழிநெடுக முருகன் முகத்தை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தோளைத்தான் பார்த்தார். கறுப்புச் சட்டையை அப்படியே விட்டுவிடுங்கள்.

சாமி தூக்குகிறவனுக்குப் புறப்பாட்டில் சாமி முகம் தெரியாது. எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். அந்தப் பூசத்தன்று கோயில் வாசலிலிருந்து ஆறு வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு போனது ஊசி மாஸ்டர் முகத்தை. இன்றைக்கும் சந்நிதியில் நின்று கண்ணை மூடினால் முதலில் அந்த முகம்தான் வருகிறது. முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.